சதங்கை ஒலியைக் காத்த ஸெஸில் ஷார்ப்

ஏட்டில் எழுதப்படாத கலைக்கு அதனைப் பயின்றவர் உடலே ஏடாகும். அவர் மறையின் அக்கலையும் உடன் மறையும். இங்ஙனம் மறையுந் தறுவாயிலிருந்த இங்கிலாந்து நாட்டு வீதி நடனம் ஒன்றினை, அதற்குரிய இசையோடு எழுத்தில் அமைத்துப் பிற்காலத்தார்க்கு அளித்தவர் ஸெஸில் ஷார்ப் என்னும் பெரியார்.

இவர் 1859-ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கல்வி முடித்து, 1882-இல் ஆஸ்திரேலியா சென்று, அடிலெய்டு நகரில் நீதிமன்ற அலுவலிலும் இசைப்பணியிலும் பத்தாண்டு கழித்தார். 1892-இல் தாய்நாடு திரும்பி இசையாசிரியராய் வாழ்ந்தார். நாற்பது வயதுவரை தம் நாட்டு உழவரும் தொழிலாளரும் பேணிவந்த இசைச் செல்வத்தை அவர் அறிந்தாரல்லர்.

1899 டிசம்பர் 26-ஆம் நாள், ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஹெடிங்டனில் தம் மாமியார் இல்லத்தில் அவர் தங்கியிருந்தபோது, வெண்ணிற உடையினர் சிலர் காலிற் சதங்கை ஒலிக்க வீதியிலே வந்து ஆடினர். இது மாரிஸ் நடனம் எனப்படும். வேனிற்றொடக்கத்துத் திருநாளில் ஆடுதற்குரிய இதனை, குளிர்காலத்தில் கட்டட வேலை கிடையாமையால் சிறிது பொருள் ஈட்டும்பொருட்டு அன்று ஆடினர். கான்சர்டினா என்னும் கைத்துருத்தி வாத்தியம் வாசித்தவர் வில்லியம் கிம்பர் என்னும் இளங்கொத்தனார். மறுநாள் ஷார்ப் அவரை அழைத்து ஐந்து மெட்டுக்களை எழுதிக்கொண்டார்.

ஆயினும் அன்று எழுதியது இசை மட்டுமே, ஆட்டம் எழுதப்படவில்லை. 1903-இல் ஸாமர்ஸெட்டில் ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டதுமுதல் அவர் நாட்டுப்பாடல் திரட்டலில் ஈடுபட்டார். 1905-இல் லண்டனில் ஏழைத் தொழிற்பெண்களுக்குச் சங்கம் நடத்திய மேரி நீல் அம்மையார், அப்பெண்களுக்கேற்ற நடனம் வேண்டி அவரை அணுகினார். அவர் கிம்பரைச் சுட்டிக்காட்ட, கிம்பர் லண்டன் சென்று பயிற்றினார். அதன்பின்னரே ஷார்ப் நடனத்தையும் எழுதப் புகுந்தார். மாரிஸ் நூலின் முதற்பகுதி 1907-இல் வெளிவந்தது. 1914-க்குள் ஐந்து பகுதிகள் நிறைவுற்றன. ஆட்டம் நின்றுபோன ஊர்களில் முதியோரைத் தேடிச்சென்று, அவர் நினைவிலிருந்த அடிவைப்பையும் கைவீச்சையும் மெட்டோடு பொருத்திக் குறித்தார். ஊர்தோறும் ஆட்டம் வேறுபடுமாதலின், ஒன்றோடொன்று கலவாமல் அவ்வவ்வூர்ப் பெயராலேயே வகுத்தார்.

இப்பணியில் அவருக்கும் நீல் அம்மையாருக்கும் கருத்து வேற்றுமை விளைந்தது. ஒருவரிடமிருந்து ஒருவர் மகிழ்ந்து கற்பதே நடனத்தின் உயிர் என்றார் அம்மையார். அடி பிழைத்தால் மரபே திரியும் என்றார் ஷார்ப். 1911-இல் ஷார்ப் ஆங்கில நாட்டு நடனக் கழகத்தை நிறுவினார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. கிம்பரின் கால்கள் இல்லையேல் ஷார்ப்பின் எழுதுகோல் எழுதுதற்கு யாதுமில்லை. ஆயினும், 1914-இல் மூண்ட பெரும்போர் ஆடுவோர் பலரை வாரிக்கொண்டது. ஷார்ப்புடன் நடனந் திரட்டியவரும் அவர் குழுவில் ஆடியவருமான இசைப்புலவர் ஜார்ஜ் பட்டர்வொர்த் 1916-இல் ஸொம் போர்க்களத்தில் மாண்டார். அத்தகைய காலத்தில் எழுத்தின் அருமை விளங்கிற்று.

1916 முதல் 1918 வரை, ஆஸ்துமா நோயால் வருந்தியும், மாட் கார்ப்பிலிஸ் அம்மையார் துணையுடன் அமெரிக்க அப்பலேச்சிய மலைகளில் அலைந்து, அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் வழியினர் காத்த பாடல்களையும் ஒரு நடனத்தையும் திரட்டினார். 1924 ஜூன் 23-இல் உலகவாழ்வை நீத்தார்.

அவர் நினைவாக லண்டனில் எழுந்த மாளிகை 1930-இல் திறக்கப்பெற்றது. அதற்கு 1929-இல் அடிக்கல் நாட்டியவர் கொத்தனாராகிய கிம்பரே. கற்றவர் எழுதிக் காத்தார். கல்லாதவர் எனப்பட்டவரோ அதனைத் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்திருந்தார். இவ்விருவரில் ஒருவரை மறந்து மற்றவரைப் போற்றுதல் முறையாகாது என்பதனை அக்கல் இன்றும் உணர்த்தி நிற்கின்றது.