விடுதி அறைத் தூசி

பி.சி.ஆர். பற்றி எழுதுமாறு துறைப் பேராசிரியர் பணித்தார். நானோ இருநூறு ஆண்டுகட்கு முன் பிறந்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தேன். காரணம் பின்னர் விளங்கும்.

பிரான்சு நாட்டில் டோல் என்னும் ஊரில், தோல் பதனிடும் தொழில் செய்தவரின் மகனாக 1822 டிசம்பர் 27-இல் பிறந்தார் லூயி பாஸ்டர். பதினைந்து வயதில் படிக்கப் பாரிசு சென்றவர், வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். விடுதியில் சேர்ந்த முதல் மாதமே ஊருக்கு ஓடிய என் போன்றோர்க்கு இச்செய்தி எத்துணை ஆறுதல்! பின்னர் மீண்டும் சென்று கற்று, வேதியியல் வல்லுநரானார்.

கொதித்து ஆறிய சாற்றில் நுண்ணுயிர்கள் தாமே தோன்றுகின்றன என்று ரூவான் நகரத்து அறிஞர் பூஷே வாதிட்டார். இல்லை, அவை தூசியோடு வந்து சேர்கின்றன என்றார் பாஸ்டர். சொன்னால் போதுமா? வந்த வழியைக் காட்ட வேண்டாமா?

சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்த நீரைக் குடுவைகளில் கொதிக்கவிட்டு, கழுத்தை உருக்கி மூடினார். 1860-இல் அவற்றை வெவ்வேறு இடங்களில் திறந்து, காற்றை உள்ளே விட்டு, மீண்டும் மூடினார். அர்புவா ஊர்ப்புறத்தில் 20-இல் 8 கெட்டன. ஜுரா மலைமேல் 5. அடுத்து ஆல்ப்சு மலையின் பனியாறு. அங்கே வெயிலில் பனி கண்ணைப் பறித்தது. சாராய விளக்கின் சுடர் தெரியவேயில்லை. காற்றும் அதை அலைத்தது. திறந்த குடுவைகளை மூட முடியாமல் விடுதிக்குக் கொண்டுவந்தார். அவை இரவெல்லாம் அறையில் திறந்தே கிடந்தன. ஏறத்தாழ எல்லாமே கெட்டன!

பனிமலைக் காற்றா குற்றவாளி? அன்று; விடுதி அறைத் தூசி. விளக்கைத் திருத்திக்கொண்டு மறுபடி ஏறினார். தம் உடைத் தூசியும் விழாதவாறு குடுவையைத் தலைக்கு மேல் பிடித்து, சுடரில் காட்டிய இடுக்கியால் முனையை ஒடித்தார். இம்முறை 20-இல் கெட்டது ஒன்றே. 1862-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசளித்தது.

பூஷேயும் பொய்யர் அல்லர். அவர் எடுத்தது உலர்புல் ஊறிய நீர். அதில் கொதித்தாலும் சாகாத வித்துகள் உண்டென்பது 1870-களில்தான் தெளிவாயிற்று. பாஸ்டரும் அதையே எடுத்திருந்தால்? நினைத்துப் பார்ப்பதுண்டு.

1868-இல் பக்கவாதம் தாக்கியது. 1885-இல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தந்தார். 1895-இல் மறைந்தார்.

இனி பி.சி.ஆர். அதில் ஒரே டி.என்.ஏ. மூலக்கூறு 30 சுற்றுகளில் நூறு கோடிக்கு மேல் பெருகக்கூடும். நேற்றைய நகலில் ஒரு துளி எங்கேனும் ஒட்டியிருந்தால், அதுவே இன்றைய மாதிரியாக வேடமிட்டு வரும். அதைப் பிடிக்கவே, மாதிரிக்குப் பதில் நீர் மட்டும் விட்ட குழாய் ஒன்றை உடன் வைப்பர். கோடைப் பயிற்சியில் நான் வைத்த நீர்க்குழாயிலும் பட்டை தெரிந்தது. பதிவேட்டில் எழுதாமல் விடவே முதலில் மனம் வந்தது. எழுதினேன். நீரை மாற்றினோம்; பட்டை வந்தது. நொதியை மாற்றினோம்; வந்தது. என் பிப்பெட்டை மாற்றினோம், வரவில்லை.