பத்து நாள் மூத்தவர்

இருவருக்கும் வயதில் பத்து நாள்தான் வித்தியாசம். ஒருவர் 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தார். மற்றவர் அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் போர்பந்தரில் பிறந்தார். மூத்தவர் மகாகனம் சீனிவாச சாஸ்திரி. இளையவர் மகாத்மா காந்தி.

கடிதம் எழுதும்போது காந்தி அவரைச் சகோதரரே என்று அழைப்பார். அந்த வார்த்தை வெறும் மரியாதைக்காக எழுதியது அல்ல. முப்பது ஆண்டுகள் அரசியலில் எதிர் எதிர்ப் பாதையில் நடந்தார்கள். ஒரு நாளும் உறவு முறியவில்லை. மூத்தவர் சாகும் தருவாயில் படுத்திருந்தபோது இளையவர் தேடிக்கொண்டு வந்தார். அந்தக் கதைதான் இது.

வாத்தியார் வேலை

சாஸ்திரியார் ஏழை வைதீகக் குடும்பத்துப் பிள்ளை. கும்பகோணத்தில் படித்தார். ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் முதல் வகுப்பில் தேறினார். பிறகு வாத்தியார் வேலைக்குப் போனார். மாயவரம், சேலம் என்று பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார்.

சென்னையில் ரேஷன் கடை நடத்தும் டி.யு.சி.எஸ். என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பலரும் அறிவார்கள். 1904-ம் ஆண்டில் அதைத் தொடங்கியவர்களில் இந்தத் தலைமை ஆசிரியரும் ஒருவர்.

1907-ம் ஆண்டில் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. பூனாவில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கம் என்ற சங்கத்தை நடத்தி வந்தார். அதில் சேருகிறவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை மறந்துவிட வேண்டும். ஆயுள் முழுவதும் தேச சேவை செய்ய வேண்டும். தலைமை ஆசிரியர் பதவியை விட்டுவிட்டு சாஸ்திரியார் அதில் சேர்ந்தார். கோகலேயைத் தம் குருவாகக் கொண்டார்.

அதே கோகலேயை அப்போது தென்னாப்பிரிக்காவில் இன்னொருவரும் குருவாகக் கொண்டிருந்தார். அவர்தான் காந்தி.

வேர்க்கடலை விருந்து

1915-ம் ஆண்டு ஜனவரியில் காந்தி இந்தியாவுக்குத் திரும்பினார். அவரைப் பார்த்ததும் சாஸ்திரியாருக்கு ஒரே வியப்பு. தம்முடைய வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் பெரும் பகுதி காந்தியின் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது. பழமும் கொட்டைகளும்தான் ஆகாரமாம். உப்பு கிடையாதாம். பால், நெய் எதையும் தொடமாட்டாராம். அடுப்பு மூட்டுவதே இயற்கைக்கு விரோதமாம். இப்படி எழுதிவிட்டு, ஆள் பார்வைக்குச் சாதாரண குஜராத்தி வியாபாரி மாதிரிதான் இருக்கிறார் என்றும் எழுதினார். பின்னாளில் உலகமே கொண்டாடப் போகிற மனிதரைப் பற்றி நண்பர் கொடுத்த முதல் சான்றிதழ் இது!

பிப்ரவரியில் காந்தி பூனாவுக்குப் போனார். கோகலேக்கு அப்போது உடல்நிலை மிகவும் மோசம். நீரிழிவு அவரை உருக்கிவிட்டது. ஆனாலும் காந்திக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். என்ன விருந்து? வேர்க்கடலை, பேரீச்சம்பழம், அந்தப் பருவத்தில் கிடைத்த பழங்கள். காந்தி எதைச் சாப்பிடுவாரோ அது மட்டும். சங்கத்தின் விருந்தினர் விடுதிக்கு முன்னால் திறந்த வெளியில் எல்லோரும் கூடினார்கள்.

கோகலேயின் அறையிலிருந்து அந்த இடம் சில அடி தூரம்தான். அந்தச் சில அடி நடப்பதற்கும் அவருக்குத் தெம்பு இல்லை. இருந்தாலும் வந்தே தீருவேன் என்று வந்தார். வந்தவர் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். நினைவு திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், விருந்தை நிறுத்தாமல் நடத்துங்கள் என்று சொல்லி அனுப்பியதுதான்.

நண்பர்கள் விருந்தைத் தொடர்ந்தார்கள். கடலை கொறித்தபடி மனம் விட்டுப் பேசினார்கள். உள்ளே ஒருவர் படுத்திருந்தார். அவர் ஆசைப்பட்டபடியே வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அதே மாதம் 19-ந் தேதி கோகலே காலமானார். அந்தச் சிறு விருந்தையும் அந்த மயக்கத்தையும் காந்தி மறக்கவே இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதியபோது, வேர்க்கடலையைக் கூட விடாமல் எழுதினார்.

சேராத சங்கம்

கோகலேக்குப் பிறகு சங்கத்தின் தலைவர் ஆனவர் சாஸ்திரியார். காந்தியும் சங்கத்தில் சேர விரும்பினார். ஆனால் உறுப்பினர்களில் பலருக்குத் தயக்கம். காந்தியின் வழி வேறு, நம் வழி வேறு, ஒத்துப் போகுமா என்று யோசித்தார்கள். இதைப் புரிந்துகொண்டு காந்தி தாமாகவே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மனுவை வாங்கிக்கொண்டதால்தான் உண்மையில் சங்கத்தின் உறுப்பினன் ஆனேன் என்று பிறகு எழுதினார்.

வேறு யாராக இருந்தாலும் இதை ஒரு மனத்தாங்கலாக வைத்திருப்பார்கள். இங்கே நட்பு வளர்ந்தது.

1919-ம் ஆண்டு ரௌலட் மசோதா வந்தது. சட்டசபையில் அதை எதிர்த்து சாஸ்திரியார் பேசினார். காந்தி பார்வையாளராகப் போய் உட்கார்ந்து கேட்டார். அதுவரை அவர் சட்டசபை நடவடிக்கையைப் பார்க்கப் போனது அந்த ஒரே ஒரு முறைதான். பேச்சைக் கேட்டு வைஸ்ராயே அசந்து போனது போல் காந்திக்குத் தோன்றியது. ஆனால் பலன் இல்லை. உண்மையாகத் தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது அல்லவா?

அதன் பிறகு பாதைகள் பிரிந்தன. காந்தி ஒத்துழையாமையைத் தொடங்கினார். சாஸ்திரியார் மிதவாதி. சட்டத்தை மீறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை வெளிப்படையாகவே கண்டித்தார். காந்தி சிறைக்குப் போனார். சாஸ்திரியாருக்கு 1921-ல் பிரிவி கவுன்சில் உறுப்பினர் பதவி கிடைத்தது. மகாகனம் என்ற பட்டம் அதனால் வந்ததுதான். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நாடு நாடாகப் போய் அங்குள்ள இந்தியர்களுக்காகப் பேசினார். அவருடைய ஆங்கிலத்தை இங்கிலீஷ்காரர்களே வாய்பிளந்து கேட்டார்கள்.

இருந்தாலும் 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் பிரதிநிதியை அனுப்ப வேண்டி வந்தபோது, சாஸ்திரியார்தான் போக வேண்டும் என்று காந்தி வற்புறுத்தினார். தாம் இருபது ஆண்டு பாடுபட்ட மண்ணை அவரிடம் ஒப்படைத்தார். அங்கே டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எழும்பியது. சாஸ்திரி கல்லூரி என்று அதற்குப் பெயர். 1931-ல் காந்தியும் வைஸ்ராய் இர்வினும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, இடையில் தூது நடந்தவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர்.

கருத்து வேற்றுமை மட்டும் தீரவில்லை. தவறு என்று பட்டால் சாஸ்திரியார் காந்திக்கு நேராகவே எழுதிவிடுவார். காந்திக்கோ அந்தக் கண்டனம் ஆறுதலாக இருந்ததாம். சாஸ்திரியார் ஒன்றும் எழுதாமல் மௌனமாக இருந்தால்தான் கவலையாம். இதைக் காந்தியே அவருக்கு எழுதினார்.

பெயர் வேண்டாம்

காந்தி சுயசரிதையைக் குஜராத்தியில் எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய். மறுபதிப்பு போடும் சமயத்தில் நடையைத் திருத்திக் கொடுக்க ஓர் ஆங்கில மேதை தேவைப்பட்டார். சாஸ்திரியார் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தம் பெயர் எங்கும் வரக்கூடாது. அதனால்தான் 1940-ம் ஆண்டு பதிப்பின் முன்னுரையில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் என்று மட்டும் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒத்துழையாமையின் கதையும் வருகிறது. சாஸ்திரியாருக்குப் பிடிக்காத வழி அது. ஆனாலும் வரி வரியாகப் படித்து, சொல் சொல்லாகச் சீர் செய்தார்.

மயிலாப்பூரில் இராமாயணம்

அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் துணைவேந்தராக இருந்து 1940-ல் ஓய்வு பெற்ற பிறகு, சாஸ்திரியாரின் கடைசிக் காலம் மயிலாப்பூரில் கழிந்தது. இருதயம் பல ஆண்டுகளாகவே பலவீனம். ஆனால் பேச்சு என்றால் மட்டும் நோய் ஒதுங்கிக்கொள்ளும் போலிருக்கிறது! 1944-ல் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வால்மீகி இராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் செய்தார். மயிலாப்பூரில் சமஸ்கிருத அகாடமி ஏற்பாடு செய்தது. இராமனைத் தெய்வமாகப் பார்க்காமல், நம்மைப் போல் சிரித்து அழுது துன்பப்பட்ட மனிதனாகப் பார்த்துப் பேசினார். எழுபத்தைந்து வயது நெருங்கிய நோயாளிக்கு முப்பது சொற்பொழிவு என்பது சாதாரணமா?

1946 பிறந்தபோது அந்தக் குரலும் தளர்ந்துவிட்டது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

தியாகராய நகரிலிருந்து

அந்த ஜனவரியில் காந்தி சென்னைக்கு வந்தார். தியாகராய நகரில் தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் வெள்ளி விழா. 1918-ல் அவரே தொடங்கிய சபை அது. 1943-லேயே விழா நடந்திருக்க வேண்டும். தலைவர்கள் எல்லாம் சிறையில் இருந்ததால் தள்ளிப் போயிற்று. தியாகராய நகர் ஜன சமுத்திரம் ஆயிற்று. மாலைதோறும் பிரார்த்தனைக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

காந்திக்கும் அப்போது எழுபத்தாறு வயது. அருகில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். மகாதேவ தேசாய் 1942-ல் சிறையில் இறந்தார். கஸ்தூரிபாயும் 1944-ல் அதே சிறையில் கண்ணை மூடினார்.

நோயாளியின் அருகில் உட்காருவது காந்திக்குப் புதிதல்ல. சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருத பண்டிதர் தொழுநோயோடு வந்து சேர்ந்தார். ஊர் ஒதுக்கிய அந்த மனிதருக்குக் காந்தி தம் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டார். அவரும் 1945-ல் இறந்துவிட்டார். படுத்திருப்பவருக்கு மருந்து மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு மனிதர் வேண்டும் என்பது காந்திக்குத் தெரியும்.

விழாக் கூட்டத்தை விட்டு அவர் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கட்டிலில் மெலிந்து கிடந்தவர் உலகத்தின் பெரிய சபைகளை எல்லாம் பேச்சால் கட்டிப்போட்டவர். இனி அவருக்கு மேடை இல்லை. கேட்பவர் ஒரே ஒருவர். ஆனால் அந்த ஒருவர் காந்தி. நோயைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று. இந்தியாவைப் பற்றியும் அதன் பண்பாட்டைப் பற்றியும் தவிர வேறு எதையும் சாஸ்திரியாரால் பேச முடியவில்லை. மரணப் படுக்கை போல் தோன்றிய அந்தப் படுக்கையிலும் அவருக்குத் தம்மைப் பற்றிய நினைவே இல்லை. காந்திதான் இதைப் பிறகு எழுதினார்.

ஒத்துழையாமை சரியா தப்பா என்ற பழைய வழக்கு தீரவில்லை. அதைத் தீர்க்க இருவருக்கும் காலமும் இல்லை. சுதந்திரம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒருவர் இருக்கப் போவதில்லை என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இருந்தும் அந்தப் பொழுதைப் பழைய வழக்கில் செலவிடாமல், இருவருக்கும் பிரியமானதைப் பேசக் கிடைத்ததே, அதுதான் பெரிய பாக்கியம். பூனாவில் கோகலே ஆசைப்பட்டு நடத்திய வேர்க்கடலை விருந்துக்குப் பிறகு அப்போது ஏறக்குறைய முப்பத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிப்ரவரி தொடக்கத்தில் காந்தி சென்னையை விட்டுப் புறப்பட்டார். மதுரைக்கும் பழனிக்கும் போய்விட்டு வடக்கே சென்றார். தமிழ்நாட்டுக்கு அவர் வந்தது அதுவே கடைசி முறை.

ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் காலமானார். அப்போது காந்தி டில்லியில் இருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த மந்திரிகளோடு சுதந்திரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு நடுவில் தம்முடைய ஹரிஜன் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்தியாவின் மிகச் சிறந்த புதல்வர்களில் ஒருவரை மரணம் கொண்டுபோய்விட்டது என்று எழுதினார். ஊர் உலகம் எல்லாம் சாஸ்திரியாரின் ஆங்கிலத்தையே புகழ்ந்தது. அவருடைய சமஸ்கிருதப் புலமை அதற்குக் குறைந்தது அல்ல என்று காந்தி நினைவூட்டினார். அரசியலில் மாறுபட்டோம், உள்ளத்தில் ஒன்றாகவே இருந்தோம் என்றார். குறிப்பு மிகவும் சிறியது. இதற்கு மேல் சொல்ல என்னை நானே அனுமதிக்கக் கூடாது என்று அதிலேயே எழுதி, சுருக்கமாக முடித்துக்கொண்டார்.