நான்சென்னும் அவருடைய அடுப்பும்

தில்லிக்குப் படிக்க வந்த முதல் மார்கழியில் நான் செத்துப் பிழைத்தேன். காரணம் குளிர் அல்ல; குளிருக்குப் பயந்து நாங்கள் மூட்டிய நெருப்பு. மொட்டைமாடியை ஒட்டிய சிறிய அறை. நானும் கும்பகோணத்து நண்பர் ஒருவரும் குடியிருந்தோம். கடைத்தெருவில் ஓர் அங்கீட்டியும் கரியும் வாங்கி வந்து, கதவைச் சாத்தி, சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைச் செருகி, ஆளுக்கொரு ரஜாயைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அவ்வளவு சுகமான தூக்கம் அதுவரை தில்லியில் வாய்த்ததில்லை. நள்ளிரவில் மண்டையைப் பிளக்கும் வலியுடன் விழித்தேன். காலில் வலு இல்லை. நண்பரை உலுக்கினேன், அவர் எழவில்லை. எப்படியோ தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வாசலிலேயே விழுந்தேன். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் ஓடிவந்து நண்பரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அவர் கண் விழிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

கரி எரியப் போதிய காற்று இல்லாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடந்தான் இது! இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையர் அறையில் நெருப்பு வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். சன்னலையும் அடைக்க வேண்டாம்.

அந்த வாரம் முழுவதும் தலை கனத்துக் கிடந்தது. நூலகத்தில் கண்ணில் பட்ட ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துவந்து படித்தேன். வெண்பனி நடுவே ஒரு சின்னக் கூடாரமும் ஆறு மனிதர்களும் இருந்த படமே என்னை இழுத்தது. பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரிக் குளிரில், துணிக் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டி, இவர்கள் எப்படி உயிரோடு திரும்பினார்கள் என்பதே என் கேள்வி. பிரிட்ஜாஃப் நான்சென் என்ற நார்வே நாட்டவர் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

அவர் 1861 அக்டோபர் 10-ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகருக்கு அருகில் பிறந்தார். படித்தது விலங்கியல். பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தார். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலை கடப்பது அவருக்குப் பிள்ளைப் பருவ விளையாட்டு. கிரீன்லாந்தின் உட்பகுதியை அதுவரை யாரும் முழுதாகக் கடந்ததில்லை. அதைக் கடக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அரசாங்கம் பணம் தர மறுத்துவிட்டது. கோபன்ஹேகன் வணிகர் ஒருவர் 5,000 குரோனர் கொடுத்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து கிளம்புவதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லோரும் எண்ணினார்கள். நான்சென் ஆளரவம் குறைந்த கிழக்குக் கரையிலிருந்து கிளம்பினார். திரும்பிப் போக இடமில்லை என்றால் முன்னேதானே போகவேண்டும்! இதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா? தம்மோடு வந்த ஐவரின் உயிரையும் சேர்த்தல்லவா பணயம் வைத்தார். டாக்டர் பட்டத்துக்கான தேர்வை முடித்த சில நாட்களிலேயே, 1888 மே மாதம், புறப்பட்டுவிட்டார்.

ஜூலை 17 அன்று கப்பலை விட்டுப் படகில் இறங்கியவர்களைக் கரை சேரவிடாமல் பனிப்பாறைகள் தெற்கே அடித்துக்கொண்டு போயின. 12 நாட்களுக்குப் பிறகுதான் தரையில் கால் வைத்தார்கள். அந்தக் கரையில் அவர்கள் பார்த்த ஒரு காட்சி என் நினைவில் நிற்கிறது. எஸ்கிமோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இனூயிட் மக்களின் தோல் கூடாரம் ஒன்றுக்குள் நான்சென் நுழைந்தார். வெளியே பனி. உள்ளேயோ வியர்க்கும் அளவுக்குச் சூடு! ஒரே கூடாரத்தில் பல குடும்பங்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஏறக்குறைய ஆடையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாக்கல்லில் குடைந்த அகல் போன்ற விளக்குகளில் சீல் கொழுப்பு உருகிப் பாசித் திரியில் எரிந்துகொண்டிருந்தது. அதுவே விளக்கு, அதுவே அடுப்பு, அதுவே கணப்பு. எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தாலும் நான்சென் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தார். இது பின்னால் அவர் உயிரைக் காத்தது.

அவருடைய கூடாரத்தில் அந்தச் சூடு கிடையாது. ஆறு பேருக்கு ஒரு கூடாரம். மும்மூன்று பேர் புகுந்து படுக்கும் கலைமான் தோல் பைகள் இரண்டு. ஒரு சாராய அடுப்பு. எரிபொருளைச் சறுக்கு வண்டியில் வைத்துத் தாங்களே இழுக்கவேண்டும் என்பதால் கூடாரத்தைச் சூடாக்க அதைச் செலவிட முடியாது. அடுப்பின் முதல் வேலை தண்ணீர் உண்டாக்குவது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பனிதான். ஆனால் குடிக்க ஒரு மடக்கு நீர் இல்லை. பனியை அப்படியே தின்றால் உடம்பின் சூடு போய்விடும். ஆகவே தட்டையான தகரக் குப்பிகளில் பனியை அடைத்து மார்போடு அணைத்து உருக்கிக் குடித்தார்கள். செப்டம்பர் 5-ஆம் நாள் 2,719 மீட்டர் உயரத்தில் நின்றார்கள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 45 டிகிரி வரை இறங்கியது.

கீழே இறங்கும்போது காற்று சாதகமாக அடித்தது. கூடாரத்தின் தரைவிரிப்பை வண்டிகளின்மேல் பாயாகக் கட்டி ஓட்டினார்கள். மேற்குக் கரையை எட்டியதும் அந்த விரிப்பையே காட்டுக் கழிகளின்மேல் இழுத்துத் தைத்துப் படகாக்கி, நான்சென்னும் ஸ்வெர்ட்ருப் என்ற தோழரும் துடுப்புப் போட்டு, அக்டோபர் 3 அன்று காட்ஹாப் என்ற ஊரை அடைந்தார்கள். அந்த ஆண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டது. நான்சென் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இனூயிட் மக்களோடு பழகி, தோல் படகு ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பியபின் அவர் செய்த வேலைகளில் பலரும் மறந்துவிட்ட ஒன்று, சமையல் பாத்திரத்தைச் சீர்திருத்தியது. நம் வீட்டு அடுப்பில் பாத்திரத்துக்கு அடியில் நெருப்பு. பக்கவாட்டில் போகும் சூடெல்லாம் வீண். நான்சென் சமையல் பாத்திரத்தைச் சுற்றி வளையம் போன்ற இன்னொரு பாத்திரத்தை வைத்தார். மேலே ஒன்று. எல்லாவற்றையும் மூட ஒரு கவிகை. அடுப்பின் அனல் நடுப்பாத்திரத்தைத் தடவி, வளையப் பாத்திரத்துப் பனியை உருக்கி, மேல் பாத்திரத்துப் பனியையும் தொட்ட பிறகே வெளியேறும். கீழே வைத்தது ஸ்வீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் 1892-இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு. ஆம், நம் தாய்மாரும் பாட்டிமாரும் பம்ப் அடித்து, ஊசி குத்தி, உஸ் என்ற இரைச்சலோடு காப்பி போட்ட அதே மண்ணெண்ணெய் ஸ்டவ்! இரண்டு பேருக்கு இரு வேளைச் சூடான உணவும் தண்ணீரும் ஏறக்குறைய 120 நாட்களுக்குத் தர, சுமார் 20 லிட்டர் மண்ணெண்ணெய் போதும் என்று கணக்கிட்டார்.

இந்தக் கணக்குக்குச் சோதனை வந்தது 1895-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிராம் என்ற கப்பலை வடதுருவக் கடலின் பனியில் வேண்டுமென்றே உறையவிட்டு, நீரோட்டத்தோடு மிதந்து போனார். பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பும்படி கட்டிய கப்பல் அது. அதன் கதை தனியே எழுதத்தக்கது, இங்கே விட்டுவிடுகிறேன். கப்பல் துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், மார்ச் 14-ஆம் நாள், யால்மர் யோஹான்சென் என்பவரையும் 28 நாய்களையும் அழைத்துக்கொண்டு பனியில் இறங்கி நடந்தார்.

அந்தக் கூடார வாழ்வை நினைத்தால் தில்லிக் குளிரைப் பற்றி வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. பகலில் உடம்பின் வியர்வை உடைகளில் உறைந்து கவசம்போல் ஆகிவிடும். சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. மாலையில் யோஹான்சென் நாய்களைக் கவனிக்க, நான்சென் பட்டுக் கூடாரத்தை அடித்துப் பனிக்கட்டியை நிரப்பி அடுப்பை மூட்டுவார். பிறகு இருவரும் ஒரே பைக்குள் புகுந்து, உறைந்த உடைகள் தங்கள் உடம்புச் சூட்டிலேயே இளகும்வரை பல் கிடுகிடுக்கக் கிடப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். உணவு தயாரானதும் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதே தூங்கிவிட்டதும் உண்டு. சமையல் முடிந்தால் அடுப்பு அணைந்துவிடும். நாங்கள் இரவெல்லாம் எரியவிட்டோமே, அதை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8 அன்று வடக்கே 86 டிகிரி 14 நிமிடம் வரை போய்த் திரும்பினார்கள். அதுவரை மனிதர் எட்டாத தூரம். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு இரையாக்க நேர்ந்தது. படிக்கவே மனம் ஒப்பவில்லை. கோடையில் மண்ணெண்ணெயை மிச்சப்படுத்தக் கொழுப்பு விளக்கில் சமைத்தார்கள். ஒருநாள் அது குப்பென்று பற்றிக் கூடாரம் முழுதும் தீயும் புகையும் ஆயிற்று. இருவரும் வெளியே பாய்ந்து தப்பினார்கள். கூடாரச் சுவரில் பெரிய ஓட்டை. பாய்த் துணியால் ஒட்டுப்போட்டு மறுபடியும் அதற்குள்ளேயே படுத்தார்கள்.

பிரான்ஸ் ஜோசப் தீவுக் கூட்டத்தில் ஒரு தீவை அடைந்தபோது குளிர்காலம் வந்துவிட்டது. கல்லும் பாசியும் அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு ஒரு குடிசை கட்டினார்கள். சறுக்கு வண்டியிலிருந்த உலோகத் தகட்டின் மூலைகளை மடித்து விளக்கு. மருந்துப் பெட்டியிலிருந்த கட்டுத்துணி திரி. வால்ரஸ் கொழுப்பு எண்ணெய். கிரீன்லாந்துக் கூடாரத்தில் பார்த்த பாடம் இப்போது உதவியது. மூலையில் அடுப்பு வைத்து, புகை போகப் பனிக்கட்டியாலேயே புகைபோக்கி கட்டினார்கள்! அது அவ்வப்போது உருகும், மீண்டும் கட்டுவார்கள். நடுக்குடிசையில் நீர் உறையாத அளவுக்குத்தான் சூடு. சுவரெல்லாம் பனிப் பூச்சு. காலையில் கரடி சூப்பு, மாலையில் வறுத்த கரடி இறைச்சி. ஒன்பது மாதம் அதுவே. இத்தனைக்கும் இருவரும் எடை கூடித்தான் ஊர் திரும்பினார்கள்.

ஒரே பையில் மாதக்கணக்கில் உறங்கிய இவ்விருவரும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையிலேயே அழைத்துவந்தார்களாம். 1895-ஆம் ஆண்டின் கடைசி இரவில்தான் நீங்கள் போய் நீ வந்தது. நம்மவர்க்கு இது நன்றாகப் புரியும். 1896 ஜூனில் ஜாக்சன் என்ற ஆங்கிலேயரின் முகாமைத் தற்செயலாக அடைந்து, ஆகஸ்ட் 13 அன்று நார்வே மண்ணை மிதித்தார்கள். யோஹான்சென்னின் பிற்கால வாழ்வு சோகமானது. அமுண்ட்சென்னோடு தென்துருவப் பயணம் போய், அவரோடு மனக்கசப்புக் கொண்டு திரும்பியவர் 1913 ஜனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அந்தத் தென்துருவப் போட்டியிலும் நான்சென் பாத்திரம் இரு தரப்பாரிடமும் இருந்தது. அமுண்ட்சென் எண்ணெய்த் தகரங்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். ஸ்காட்டின் தகரங்களிலோ திருகு மூடி வழியே எண்ணெய் குறைந்துபோயிருந்தது. 1912 மார்ச்சில் அவர் கூடாரத்திலேயே மடிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. எரிபொருள் குறைவும் அவற்றுள் ஒன்று.

நான்சென் அதன்பின் துருவத்துக்குப் போகவில்லை. கடலியல் பேராசிரியராகவும் லண்டனில் நார்வேயின் தூதராகவும் இருந்தார். முதல் உலகப் போர் முடிந்து, லட்சக்கணக்கான கைதிகள் சைபீரியாவிலும் பிற இடங்களிலும் குளிரிலும் பசியிலும் வாடினார்கள். 1920-இல் சர்வதேச சங்கம் இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அவரவர் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். குளிரில் கிடப்பது என்னவென்று அறிந்த ஒருவரிடம் அந்த வேலை போய்ச் சேர்ந்தது அவர்கள் செய்த புண்ணியம். ரஷ்யப் பஞ்சத்துக்கு அவர் ஊர் ஊராகப் போய்க் கையேந்தியபோது அரசாங்கங்கள் கடன் கொடுக்க மறுத்ததுதான் அவரை மிகவும் வாட்டியது. நாடற்ற அகதிகளுக்காக அவர் ஏற்படுத்திய அடையாளச் சீட்டு நான்சென் பாஸ்போர்ட் என்றே வழங்கிற்று; ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. 1922-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார்.

1930 மே 13-ஆம் நாள் அவர் தம் வீட்டில் காலமானார். மூன்று மாதங்களில், ஆகஸ்டில், வடகடலின் வெள்ளைத் தீவில் ஒரு பழைய முகாம் கண்டுபிடிக்கப்பட்டது. 1897-இல் பலூனில் துருவத்துக்குப் பறக்க முயன்று மறைந்துபோன ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரேயும் இரு தோழர்களும் இறந்து கிடந்த இடம் அது. கூடாரத்தில் எரிந்த அடுப்பின் நச்சுக்காற்றே அவர்களைக் கொன்றது என்று ஒரு கருத்து உண்டு. வேறு கருத்துகளும் உண்டு. அவர்களுடைய பிரைமஸ் அடுப்பும் அங்கே கிடைத்தது. உள்ளே இன்னும் எண்ணெய் இருந்தது. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த அதை எடுத்துப் பம்ப் அடித்துப் பற்றவைத்தார்கள், எரிந்தது.