நன்மரணத்தின் துணைவர் புனித கமில்லஸ்

வீட்டில் ஒருவர் இறுதிப் படுக்கையில் கிடக்கும்போது குடும்பத்தார் படும் தவிப்பை நாம் அறிவோம். மருத்துவர் கைவிரித்த பின் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு என்று தம் வாழ்வால் காட்டியவர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ்.

இவர் 1550-ஆம் ஆண்டு இத்தாலியில் புக்கியானிக்கோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தையைப் போலவே போர்வீரரானார். காலில் ஏற்பட்ட ஆறாத புண்ணுக்காக உரோமையில் தீராத நோயாளருக்கான புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்தார். சூதாட்ட வெறியால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1574-ல் நேப்பிள்ஸ் நகரில் உடைமை யாவும் சூதில் தோற்றுப் பிச்சையெடுத்தார். கப்புச்சின் மடத்துக் கட்டட வேலையில் கூலியாளாக இருந்தபோது, 1575 பெப்ருவரி 2-ஆம் நாள் மனந்திரும்பினார்.

கப்புச்சின் சபையில் சேர அவர் விரும்பியும் கால் புண் தடையாயிற்று. தம்மை வெளியேற்றிய அதே மருத்துவமனைக்குத் திரும்பி ஊழியம் செய்தார். அதன் மேற்பார்வையாளராகவும் உயர்ந்தார். கூலிக்கு வேலை செய்தவர்கள் நோயாளரை அசட்டை செய்யக் கண்டு மனம் நொந்தார். அன்புக்காக மட்டுமே பணிபுரிவோரைச் சேர்க்கத் தொடங்கினார். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். 1586-ல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இக்குழுவை அங்கீகரித்து, அங்கியில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதித்தார். 1591-ல் அது துறவற சபையாயிற்று. கொள்ளைநோய்க் காலத்திலும் உயிருக்கு அஞ்சாது நோயாளருக்குப் பணிசெய்வது அவர்களுடைய நான்காம் வார்த்தைப்பாடு.

இவர்கள் வீடுகளுக்கும் சென்று, மரிப்போர் அருகில் அமர்ந்து செபித்தார்கள். மக்கள் இவர்களை நன்மரணத் தந்தையர் என்று அழைத்தார்கள். கமில்லஸின் புண்ணோ கடைசிவரை ஆறவில்லை. நடக்க முடியாதபோதும் கட்டிலுக்குக் கட்டில் தவழ்ந்து சென்று நோயாளரை விசாரித்தார். 1614 ஜூலை 14-ல் உரோமையில் இறைவனடி சேர்ந்தார். 1746-ல் புனிதர் பட்டம் பெற்றார். 1886-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், புனித இறை யோவானுடன் இவரையும் நோயாளருக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

ஆறாத புண்ணைச் சுமந்தவர், குணமாகாத நோயாளருக்கும் அன்பு தேவை என்பதை உணர்ந்திருந்தார். நாமோ, நோயாளி பயந்துவிடுவார் என்றெண்ணி, நினைவு தப்பிய பின்பே குருவானவரை அழைக்க ஓடுகிறோம். அடக்கத்துக்குத் திரளாகக் கூடும் நாம், அதற்கு முந்தைய இரவுகளில் அவ்வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை. ஓர் இரவு நாம் விழித்திருந்தால், பல நாள் உறங்காத அந்த மனைவியோ மகளோ சற்றே கண்ணயரலாம். நோயாளியின் உதட்டை நனைப்பதற்கும், கையைப் பற்றிக்கொண்டு ஜெபமாலை சொல்வதற்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் பங்கில் எவரும் தனிமையில் மரிக்க விடமாட்டோம் என்பதே நாம் செலுத்தும் காணிக்கையாகட்டும்.

புனித கமில்லஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.