காஞ்சியில் இராமாநுசர்

சமயச் சீர்திருத்தம் என்றவுடன் 1517-ஆம் ஆண்டும் ஜெர்மானியராகிய லூதரும் நம் மாணவர் நினைவில் எழுதல் இயல்பே. அதற்குச் சில நூற்றாண்டுகட்கு முன்னர் நம் காஞ்சியில் நிகழ்ந்ததாகக் குருபரம்பரை நூல்கள் உரைப்பதொன்றை ஈண்டுக் கூறுவோம்.

1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராகக் கூறப்படும் இராமாநுசர், காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்று, கருத்து மாறுபட்டுப் பிரிந்தார். பின்பு வரதராசப் பெருமாளுக்குச் சாலைக் கிணற்றினின்று நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார். ஆண்டு ஆலவட்டத் தொண்டு புரிந்த திருக்கச்சிநம்பிகள் அந்தணரல்லர். அவரையே குருவாகக் கொள்ள இராமாநுசர் விழைந்தார், நம்பிகள் உடன்பட்டிலர். அவர் உண்ட மிச்சிலையேனும் உண்போமென்று விருந்துக்கழைத்தார். இராமாநுசர் வெளியே சென்றிருந்தபொழுது நம்பிகள் வந்து உண்டு போயினர். மனையாளோ எஞ்சியதைப் பிறர்க்கு ஈந்து, இடத்தை மெழுகி, நீராடி, வேறு சமைத்தனர். அவ்வம்மையாரை மட்டும் குறைகூறல் முறையன்று. அக்கால வழக்கத்தையே அவர் செய்தார். இத்தகைய பூசல் பின்னும் நேரவே, இராமாநுசர் இல்லறம் நீத்து, அனந்தசரசின் கரையில் துறவு பூண்டார்.