துரோகி எனப்பட்ட நடிகை

பிறந்த நாட்டின் மீதான பற்றும் அந்நாட்டை ஆளும் அரசின் மீதான விசுவாசமும் ஒன்றுதானா என்ற கேள்வி கொடுங்கோலர் ஆளும் காலங்களில் எழுவது தவிர்க்க முடியாதது. ஜேர்மனிய நடிகை மார்லின் டீட்ரிச்சின் வாழ்க்கை இக்கேள்விக்குத் தெளிவான பதிலாக அமைந்தது.

1901ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி பேர்லின் நகரை அண்டிய ஷோனபேர்க்கில் பொலிஸ் அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். வயலின் கலைஞராகும் கனவு கைகூடாமற் போகவே, 1920களில் பேர்லின் நாடக மேடைகளில் சிறு வேடங்கள் ஏற்கலானார். 1930இல் வெளியான 'நீல தேவதை' திரைப்படம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. அது முதன்முதலாகத் திரையிடப்பட்ட இரவே அவர் அமெரிக்கா புறப்பட்டார். அங்கு 'மொரோக்கோ' படத்தில் நடித்தமைக்காக ஒஸ்கார் விருதுக்கு அவரது பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். உலகப் புகழ்பெற்ற நடிகை தாயகம் திரும்புவது தமக்குப் பெருமை சேர்க்கும் எனக் கருதிய நாஸிகள், அவருக்குப் பலவாறு ஆசை காட்டினர். அவர் யூதர் அல்லர். திரும்பியிருந்தால் சகல வசதிகளுடனும் வாழ்ந்திருக்கலாம். எனினும் அவர் மறுத்துவிட்டார். 1939இல் அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்ற அவர், 1944, 1945ஆம் ஆண்டுகளில் வட ஆபிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளுக்குச் சென்று நேச நாட்டுப் படையினர் முன்னிலையில் பாடினார். இச்சேவைக்காக 1947இல் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இத்தெரிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. யுத்தம் முடிந்தபின் பேர்லினில் சந்தித்த தாய், 1945 நவம்பரிலேயே காலமானார். பேர்கன்-பெல்சன் வதை முகாமை அண்டி ஜேர்மனியப் படையினருக்கான திரையரங்கை நடத்திய தமது சகோதரியின் குடும்பத்தைப் பற்றி அவர் வெளியில் பேசவேயில்லை. 1960இல் பாடுவதற்காக ஜேர்மனி திரும்பியபோது, எதிரிப் படையுடன் சேர்ந்த துரோகி எனக் கூறி ஒரு சாரார் ஆர்ப்பாட்டம் செய்தனர். அதே ஆண்டில் இஸ்ரேலில் அவர் ஜேர்மன் மொழியிற் பாடியபோதோ மக்கள் மனமுவந்து வரவேற்றனர்.

1975இல் சிட்னி மேடையில் விழுந்து கால் முறிந்ததுடன் அவரது மேடை வாழ்வு முடிவுற்றது. பாரிஸில் தனிமையில் வாழ்ந்து 1992 மே 6ஆம் திகதி மறைந்த அவரது பூதவுடல், பேர்லினில் தாயின் கல்லறைக்கு அண்மையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. 2002இல் அந்நகரம் அவரைத் தனது கௌரவப் பிரஜையாக அறிவித்தது.

அரசை எதிர்த்த ஒருவர் நாட்டை நேசித்தவராகவும் இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள, யுத்தம் முடிந்து 57 ஆண்டுகள் சென்றன. அந்த ஏற்பைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை.