காலரா நஞ்சைக் கண்டுபிடித்த சம்பு நாத் தே

வாந்திபேதி வந்து ஒரே வீட்டில் ரெண்டு மூணு பேர் போன கதையை நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த நோய் ஆளை எப்படிக் கொல்லுதுன்னு கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் தெரியுமா?

சம்பு நாத் தே 1.2.1915 அன்று வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தார். வசதி குறைவான குடும்பம். உதவித்தொகையில் படித்து 1939-இல் டாக்டர் ஆனார். லண்டன் போய் 1949-இல் பி.எச்.டி. பட்டமும் வாங்கினார். பிறகு கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார்.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-லேயே உறுதிப்படுத்திவிட்டார். ஆனால் அது என்ன செய்கிறது என்று 75 வருஷம் யாருக்கும் புரியவில்லை. தே ரொம்ப எளிமையா யோசித்தார். பேதி குடலில் தானே நடக்குது, அங்கேயே பார்ப்போம் என்று முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது! 1959-இல் கிருமியையே வடிகட்டி எடுத்துவிட்டு வெறும் நீரைச் செலுத்தினார். அப்பவும் உப்பியது. அப்படியானால் கிருமி விடும் நஞ்சுதான் காரணம்!

அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் போய் 'ஜி' புரதம் என்ற சுவிட்சைப் போட்டபடியே நிறுத்திவிடும். சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்திப்பொருள் ஏறிக்கொண்டே போகும். உப்பும் நீரும் வெளியே கொட்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அந்தக் காலத்தில் காலராவுக்கு அபின் கொடுத்தார்கள். செல்லின் மேல் அபினுக்கென்றே ஏற்பிகள் இருப்பது 1973-இல் தெரிந்தது. அபின் போய் உட்கார்ந்தால் ஏற்பி வேறொரு 'ஜி' புரதத்தை எழுப்பி அதே செய்திப்பொருளைக் குறைக்கிறது. வலியும் குடல் அசைவும் அடங்கும். ஆனா உடம்பு இழந்த நீர் திரும்பி வராதே! அதனால் ஆள் பிழைக்கவில்லை. பிழைக்க வைத்தது உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். சர்க்கரையோடு உப்பை உறிஞ்சும் வழியை மட்டும் இந்த நஞ்சு அடைப்பதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தே பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. 1978-இல் நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள், போய்ப் பேசினார். நம்ம நாட்டு அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராகச் சேர்க்காமலே 15.4.1985 அன்று காலமானார்.